பாதியில் எடுத்த குழாய்

நான் சாப்பிடாமல் கிடந்தது என் கணவரின் உயிருக்கு உலை வைக்கப் பார்த்தது. இதை இத்தனை வருஷமாக நான் யாரிடமும் விவரமாகச் சொன்னதில்லை. சொன்னால், "நீ பட்டினி கிடந்ததனாலதான் அவர் பிழைச்சார்" என்று என்னையே திருத்த நாலு பேர் வருவார்கள். ஒரு பெண் பட்டினி கிடந்தாள் என்று எங்கள் மனிதர்கள் காதில் விழுந்தால் போதும், அதற்கு ஒரு புண்ணியத்தைத் தேடிப் பிடித்துக் கட்டிவிடுவார்கள். நடந்தது அதற்கு நேர்மாறு. அதனால்தான் எழுதிவைக்கிறேன்.

அறுபதுகளின் கடைசி அது. எனக்கு இருபத்தேழு வயது. ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியில் குடியிருந்தோம். அவர், நான், நாலு வயதில் எங்கள் பெண், என் மாமியார். அவர் ஹைஸ்கூலில் பூகோள வாத்தியார். மாமனார் கோயில் கைங்கரியத்தில் இருந்து காலமானவர், அதனால் வீட்டில் மடி, ஆசாரம் எல்லாம் உண்டு. நான் பிறந்து வளர்ந்தது பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில். அங்கே அப்பா சாயங்காலம் வெங்காய பஜ்ஜியைப் பொட்டலம் கட்டி எடுத்து வருவார், அம்மா திட்டிக்கொண்டே பங்கு கேட்பாள். அந்த வீட்டுப் பெண்தானே என்று ஸ்ரீரங்கத்தில் யாரும் வாயைத் திறந்துவிடக் கூடாது என்று, மாமியாரைவிட ஒரு படி மேலே போய் மடி பார்க்க ஆரம்பித்தேன். மாமியார் பஸ்ஸில் டவுனுக்குப் போய்வந்தால் காலை அலம்பிவிட்டுக் காபி குடிப்பார். நான் மாட்டேன். நாலு பேரை இடித்துக்கொண்டு வந்த உடம்பு விழுப்பு. தலையோடு தண்ணீர் விட்டுக்கொண்டு மடிப்புடவை மாற்றாமல் பல்லில் பச்சைத் தண்ணீர் படவிட மாட்டேன். அதில் எனக்குக் கொள்ளைப் பெருமை.

அந்த வருஷம் தை மாதம் அவர் பள்ளிக்கூடப் பிள்ளைகளை முக்கொம்புக்கு அழைத்துப் போனார். காவேரியும் கொள்ளிடமும் பிரிகிற இடத்தைப் படத்தில் காட்டினால் போதாது, நேரில் நின்று பார்க்க வேண்டும் என்பார். பிள்ளைகள் பார்த்துவிட்டு சௌக்கியமாகத் திரும்பினார்கள். இவர் மட்டும் எங்கேயோ எதையோ குடித்துவிட்டு வந்து, அன்றிலிருந்து வாந்தியும் பேதியுமாகப் படுத்துவிட்டார். ஓமத் தண்ணீரும் மோர்க்கஞ்சியும் கொடுத்துப் பார்த்தோம். மூன்றாம் நாள் எல்லாம் நின்றது. அப்பாடா என்றிருந்தது எங்களுக்கு.

நின்றது வாந்தியும் பேதியும் மட்டுமல்ல, மூத்திரமும்தான் என்பது எங்களுக்குத் தெரியவில்லை. அதை யார் கேட்பார்கள்? தலை வலிக்கிறதா, சாதம் இறங்குகிறதா என்றெல்லாம் கேட்போம். ஒன்றுக்குப் போனீர்களா என்று ஒரு வாத்தியாரிடம் அவர் மனைவிகூடக் கேட்க மாட்டாள். அவரும் வாயைத் திறக்கவில்லை. முகம் கொஞ்சம் உப்பலாக இருந்தது. பார்க்க வந்த பக்கத்தாத்து மாமி, "ரெண்டு நாள் படுத்து எழுந்ததுல முகம் நன்னா தேறியிருக்கே" என்றாள். அவள் கண் பட்டுவிடப் போகிறதே என்று அன்று சாயங்காலம் நான் திருஷ்டி சுற்றிப் போட்டேன். என் புத்திசாலித்தனம் அந்த லட்சணத்தில் இருந்தது.

மறுநாள் விக்கல் ஆரம்பித்தது. "யாரோ நினைச்சுக்கறா" என்றார் மாமியார். இளநீர் கொடுத்தோம், நிற்கவில்லை. அந்தச் சமயத்தில் இளநீர் அவருக்கு விஷத்துக்குச் சமானம் என்று பிறகுதான் டாக்டர் சொன்னார். அடுத்த நாள் பேச்சு குழறியது. பட்டப்பகலில் தூங்கி வழிந்தார். வாயிலிருந்து ஒரு மாதிரி நெடி வந்தது. பயந்துபோய், நானும் மாமியாருமாக அவரை வாடகைக் காரில் ஏற்றிக்கொண்டு புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அங்கே இருந்த டாக்டருக்கு முப்பது வயதுகூட இருக்காது. லால்குடிப் பக்கத்து விவசாயக் குடும்பம். ரத்தத்தைச் சோதித்துப் பார்த்துவிட்டு எங்களை உட்காரவைத்துப் பேசினார்.

"கிட்னி ரெண்டும் வேலை செய்யலைங்க. பேதியில உடம்புத் தண்ணி மொத்தமும் போனதால வந்தது. தன்னால சரியாயிடும், ஆனா ரெண்டு வாரமோ மூணு வாரமோ ஆகும். அதுவரைக்கும் ரத்தத்துல ஏறியிருக்கிற உப்பை நாமதான் வெளிய எடுக்கணும். டயாலிசிஸ்னு பேரு."

உப்பு என்றதும் என் மாமியார் அன்றே வீட்டுக்குப் போய் மாவடு ஜாடியைத் தூக்கிப் பரண்மேல் வைத்துவிட்டார். டாக்டர் சொன்ன உப்பு அதுவல்ல. தின்றது செரித்து, மிச்சம் கழிவாகி ரத்தத்தில் சேர்கிறதே, அது. டயாலிசிஸ் என்ற பேர் மட்டும் மாமியாருக்குப் பிடித்துப்போயிற்று. "தயான்னு ஆரம்பிக்கறதோன்னோ, பெருமாள் பாத்துப்பார்" என்றார்.

பெரிய ஊர்களில் ரத்தத்தையே வெளியே எடுத்துச் சுத்தம் செய்கிற மெஷின் வந்துவிட்டது, இவர் அவ்வளவு தூரம் பிரயாணம் தாங்க மாட்டார், இங்கேயே வயிற்றில் குழாய் வைத்துச் செய்துவிடலாம் என்று டாக்டர் முடிவு செய்தார். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, தொப்புளுக்குக் கீழே மரத்துப்போக ஊசி போட்டு, சின்னதாகக் கீறி, பென்சில் கனத்தில் ஒரு குழாயை உள்ளே செலுத்தினார். தலைமாட்டில் ஸ்டாண்டில் இரண்டு கண்ணாடிப் பாட்டில்கள். வெந்நீரில் வைத்து இளஞ்சூடாக்கிய மருந்துத் தண்ணீர் அதிலிருந்து வயிற்றுக்குள் இறங்கும். அரை மணி உள்ளே நிற்கும். பிறகு பாட்டில்களைத் தரையில் இறக்கிவைத்தால், ரத்தத்து உப்பை வாங்கிக்கொண்டு தண்ணீர் மஞ்சளாகத் திரும்பி வரும். உடனே அடுத்த ஜோடி. ஒரு சுற்றுக்கு ஒரு மணி நேரம்.

"எத்தனை நாழி இப்படி?" என்று கேட்டேன்.

"நாப்பத்தெட்டு மணி நேரம் ஓடணுங்க. நடுவுல நிறுத்தக் கூடாது."

வார்டு முழுவதற்கும் ஒரே ஒரு சிஸ்டர். பாட்டில் காலியாகிறதா, குழாய் அடைத்துக்கொண்டதா என்று பார்த்துச் சொல்ல வீட்டு மனிதர் ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அவருக்குக் கூடப்பிறந்தவர்கள் கிடையாது. மாமியாருக்கு இளைப்பு, வீட்டில் குழந்தை வேறு. ஆகவே நான்தான். சிஸ்டர் ஒரு நோட்டைக் கொடுத்து, உள்ளே எவ்வளவு போனது, வெளியே எவ்வளவு வந்தது என்று எழுதச் சொன்னார்.

ஆஸ்பத்திரி என்றால் விழுப்பிலும் விழுப்பு. அங்கே சாப்பிடுவது என்ற பேச்சுக்கே என் மனதில் இடமில்லை. முந்தின நாள் காலையில் வீட்டில் சாப்பிட்டதுதான். வேறு வழியில்லாமல், வீட்டிலிருந்து கூஜாவில் கொண்டுபோன தண்ணீரை மட்டும் தொட்டேன், அதுவும் முதல் நாள் மத்தியானத்தோடு தீர்ந்தது. வராந்தாவில் குழாய் இருந்தது. சுத்தமான தண்ணீர்தான். நான் அதில் கையை மட்டும் அலம்பினேன். இரண்டு நாள்தானே, சமாளித்துவிடலாம் என்று வீம்பாக உட்கார்ந்திருந்தேன். பழம் சாப்பிடலாம், பால் குடிக்கலாம், அதற்கு தோஷமில்லை என்று எத்தனையோ பேர் சொல்வார்கள். அந்தச் சலுகையெல்லாம் மற்றவர்களுக்கு.

பாட்டில்கள் ஏறின, இறங்கின. சாயங்காலம் விக்கல் நின்றது. விடியும்போது அவர் கண்ணைத் திறந்து, "இன்னிக்கு என்ன கிழமை?" என்று தெளிவாகக் கேட்டார். எனக்கு உயிர் வந்தது.

கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏண்டி, நீ ஏதாவது சாப்ட்டயா?"

"உங்களுக்கு முடியட்டும். ஆத்துக்குப் போய் ஸ்நானம் பண்ணிட்டுச் சாப்ட்டுக்கறேன்."

"இன்னும் எத்தனை நாழி ஆகும்?"

"நாளைக்குக் காலம்பற ஆயிடும்."

நான் பாட்டிலைப் பார்க்க எழுந்தேன். கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தேன். நிமிர்ந்து பார்த்தபோது அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார். கவனிக்கவில்லை என்று நினைத்து நிம்மதி அடைந்தேன்.

ஒன்பது மணிக்கு டாக்டர் வந்தார். அவர் வந்ததுமே இவர் முனக ஆரம்பித்தார். அதுவரை முனகவில்லை.

"போறும் டாக்டர். வயிறு பிச்சுண்டு போறது. எடுத்துடுங்கோ."

"சார், இப்பத்தான் பாதி ஆயிருக்கு. இன்னும் ஒரு நாள் ஓடணும்."

"எனக்குத் தெளிஞ்சுடுத்து. என் உடம்பு எனக்குத் தெரியாதா? எடுங்கோன்னா எடுங்கோ."

கடைசி வாக்கியம் வகுப்பறைக் குரலில் வந்தது. டாக்டருக்கு ஒருகணம் கை தன்னால் முதுகுக்குப் பின்னால் போயிற்று. பாவம், பள்ளிக்கூடம் விட்டுப் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருக்கும், வாத்தியார் அதட்டினால் அடங்குகிற பழக்கம் போகவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் மட்டும் அப்போது, வேண்டாம், முழுதும் ஓடட்டும் என்று சொல்லியிருந்தால் டாக்டர் அதைப் பிடித்துக்கொண்டு மறுத்திருப்பார். நான் சொன்னது இது:

"அதான் தேவலையாயிடுத்தே டாக்டர். எடுத்துடுங்கோளேன்."

எனக்கு அப்போது இரக்கமும் இல்லை, யோசனையும் இல்லை. தாகம் இருந்தது. காவேரியில் ஒரு முழுக்குப் போட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்ற நினைப்பைத் தவிர மண்டைக்குள் வேறு எதுவும் இல்லை. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

குழாயை எடுத்தார்கள். நான் பஸ் பிடித்து அம்மா மண்டபத்தில் இறங்கிக் காவேரியில் குளித்துவிட்டு, ஈரப்புடவையோடு வீட்டுக்குப் போய், சாத்தமுது, அதாவது ரசம், விட்ட சாதத்தை மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன். சாயங்காலம் திரும்பி வந்தபோது அவர் தலையணையில் சாய்ந்துகொண்டு பக்கத்துக் கட்டில்காரரிடம் மேட்டூர் அணையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். பார்க்க வந்தவர்களிடமெல்லாம், இரண்டு நாள் என்றார்கள், ஒரே நாளில் சரியாகிவிட்டது என்று நான் பெருமையடித்துக்கொண்டேன்.

இரண்டு நாள்தான். மூன்றாம் நாள் காலையில் நான் வார்டுக்குள் நுழையும்போதே விக்கல் சத்தம் கேட்டது. மத்தியானத்துக்குள் பேச்சு குழறிவிட்டது. ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். டாக்டர் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

"ஆரம்பிச்ச எடத்துக்கே வந்துடுச்சுங்க. கொஞ்சம் மேலயே போயிருக்கு."

"அவ்வளவு பாட்டில் ஓடித்தே. அத்தனையும் வீணா?"

"கெணறு எறைச்சுப் பாத்திருக்கீங்களா? எங்க ஊர்ல கோடையில தூர் வாருவோம். எறைச்சு முடிச்சா அடித்தரை தெரியும். காஞ்ச மாதிரியே இருக்கும். ஏத்தத்தை நிறுத்திட்டு ஒரு மணி நேரம் கழிச்சு எட்டிப் பாத்தா முழங்கால் தண்ணி நிக்கும். ஊத்துக் கண்ணுல இருந்து ஊறி வந்திருக்கும். உடம்பும் அப்படித்தான். முதல் நாள் நாம எடுத்தது ரத்தத்துல இருந்த உப்பு. சதைக்குள்ள, உடம்பு பூரா தங்கியிருக்கிறது மெதுவாத்தான் ரத்தத்துக்கு வரும். அது வர வர எடுக்கணும். அதுக்குத்தான் ரெண்டாவது நாள். ஆளுக்குத் தெளிஞ்சுட்டா வேலை முடிஞ்சுதுன்னு அர்த்தமில்லைங்க." கையில் இருந்த காகிதத்தை மடித்தார். "எனக்கு இது தெரியும். தெரிஞ்சும் நான் எடுத்திருக்கக் கூடாது."

தப்பைத் தன் மேல் போட்டுக்கொண்ட அந்தப் பிள்ளையிடம் எனக்கு மரியாதை வந்தது. இப்போது என் தங்கை மகன் வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போகிறான். மெஷின் வந்துவிட்டது, நாலு மணி நேரம் ஏசி அறையில் படுத்திருந்தால் போதும். சில நாள் துணைக்குப் போய் உட்காருவேன். மூன்றரை மணி ஆனதும் சுற்றிலும் எல்லாரும் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்குவார்கள். பஸ்ஸுக்கு நேரமாச்சு, கால் குடையுது, அரை மணிதானே, எடுத்துவிடுங்க சிஸ்டர் என்பார்கள். எனக்கு எங்கிருந்துதான் கோபம் வருமோ, முன்பின் தெரியாதவர்களிடம்கூடச் சண்டைக்குப் போய்விடுவேன். அந்தப் பொல்லாத அரை மணி சேர்ந்து சேர்ந்து எங்கே கொண்டுபோய் விடும் என்று பார்த்தவள் நான். கிழவி ஏதோ உளறுகிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள். நினைத்துக்கொள்ளட்டும்.

டாக்டர் பேசிய மறுநாள் காலை இரண்டாவது குழாய்க்கு ஏற்பாடு நடந்தது. சிஸ்டர் பாட்டில்களை வெந்நீரில் அடுக்கிக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும், கழுத்தில் சின்னச் சிலுவை, வீண்பேச்சு கிடையாது. திரும்பாமலேயே என்னிடம் கேட்டார்.

"ஏம்மா, இந்தத் தடவையும் பட்டினிதானா?"

"நாங்க ஆஸ்பத்திரில சாப்பிடறதில்லை சிஸ்டர்."

"அப்ப வேற யாரையாவது அனுப்பிட்டு நீங்க வீட்டுல இருங்க." ஒரு பாட்டிலைத் துடைத்து வைத்தார். "அன்னிக்கு அவருக்கு வலியெல்லாம் ஒண்ணும் இல்ல. நீங்க கையலம்பப் போனப்ப என்கிட்ட கேட்டாரு. 'இன்னும் எத்தனை பாட்டில் இருக்கு சிஸ்டர், அவ நேத்திக்கு முந்தின நாள்லேர்ந்து பட்டினி, இது முடியாம அவ தண்ணி குடிக்க மாட்டா'ன்னாரு. டாக்டர் வந்ததும் வயித்த வலிக்குதுன்னாரு. வலிக்கிறவங்க முகம் எனக்குத் தெரியாதாம்மா? இருபது வருஷமாப் பாக்குறேன்."

எனக்கு முதலில் சிஸ்டர் மேல் கோபம் வந்தது, இதை அன்றைக்கே சொல்வதற்கென்ன என்று. அப்புறம் என் கணவர் மேல் வந்தது. இப்படியும் ஒரு மனுஷர் பொய் சொல்வாரா, உயிரோடு விளையாடுவாரா என்று. அதற்குப் பிறகு போவதற்கு இடமில்லாமல் என்னிடமே வந்து சேர்ந்தது. அவர் வயிற்றில் குழாய் எத்தனை மணி நேரம் இருக்க வேண்டும் என்று தீர்மானித்தது டாக்டர் இல்லை, என் மடி. வராந்தாச் சுவரில் சாய்ந்துகொண்டு விசித்து விசித்து அழுதேன். சிஸ்டர் சமாதானமெல்லாம் சொல்லவில்லை. "பாட்டில் ஆறுது, வாங்க" என்றார்.

பழையபடி ஒன்பது மணிக்கு ஆரம்பித்தது. பத்து மணிக்கு சிஸ்டர் தன் டிபன் டப்பாவைத் திறந்து என் மடியில் வைத்தார். நாலு இட்லி, வெங்காயச் சாம்பார். பழமோ பாலோ கொண்டுவரச் சொல்லியிருக்கலாம்தான். தோஷமில்லாத வழியைத் தேட அன்றைக்கு எனக்கு மனமில்லை. குளிக்காத உடம்பு, ஆஸ்பத்திரி பெஞ்சு, வேற்று மனுஷி கையால் சமைத்தது, போதாததற்கு வெங்காயம். ஒரு துண்டு பிட்டு வாயருகில் கொண்டுபோனேன். கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினேன். இரண்டாவது இட்லி சுலபமாகப் போயிற்று. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், ருசியாக இருந்தது. பொன்மலையை விட்டு எட்டு வருஷம் கழித்து வெங்காயம்.

ஆனால் யார் பார்க்க வேண்டுமோ அவர் பார்க்கவில்லை. அன்று முழுவதும் மயக்கமாகவே கிடந்தார். நான் மூன்று வேளையும் சாப்பிட்டேன், வராந்தாக் குழாயில் கை குவித்துத் தண்ணீர் குடித்தேன், நோட்டில் எழுதினேன். மறுநாள் காலை எட்டு மணிக்குக் கண் திறந்தார். மெதுவாக என்னைத் தேடிப் பார்த்தார். போன தடவை மாதிரியே கேட்டார்.

"எத்தனை நாழி ஆச்சு?"

"இருபத்திமூணு மணி."

"போறும்னு சொல்லு. வலி தாங்கலை."

ஸ்டூலை இழுத்து அவர் கண்ணுக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தேன். சிஸ்டர் அன்றைக்குக் கொண்டுவந்திருந்த டப்பாவைத் திறந்து, இட்லியைச் சாம்பாரில் தோய்த்து, அவர் பார்க்கப் பார்க்கச் சாப்பிட்டேன். அவர் மூக்கு சுருங்கியது.

"வெங்காயமா?"

"ஆமாம்."

"யார் கொடுத்தா?"

"சிஸ்டர் ஆத்துலேர்ந்து."

நான் கடைசி இட்லியையும் தின்று, டப்பாவின் ஓரத்தை விரலால் வழித்து நக்கினேன். பெண்கள் செய்யக் கூடாத காரியம். வேண்டுமென்றேதான் செய்தேன்.

"நன்னா இருக்கா?"

"ரொம்ப நன்னா இருக்கு. இன்னும் ரெண்டு நாள் ஓடினாக்கூட எனக்கு ஆட்சேபணை இல்லை. உங்களுக்கு நிஜமாவே வலிக்கறதா, சொல்லுங்கோ, டாக்டரைக் கூப்பிடறேன்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். கண்ணோரத்தில் நீர் வழிந்தது, வாய் சிரித்தது. "இல்லைடி. ஓடட்டும்" என்றார்.

பல மாதம் கழித்து ஒருநாள் மாமியாரிடம் எல்லாவற்றையும் சொல்லி, பிராயச்சித்தம் என்ன பண்ண வேண்டும் என்று கேட்டேன். அவர் கையில் இருந்த கீரையைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஆஸ்பத்திரில சாப்பிடாதேன்னு நான் எப்போடி சொன்னேன்?" என்றார். சொல்லவே இல்லைதான்.

அந்தத் தடவை குழாயை நாற்பத்தெட்டு மணி நேரம் முழுதாக ஓடவிட்டுத்தான் எடுத்தார்கள். எடுத்த பிறகும் கண்டம் நீங்கவில்லை. கிட்னி திறக்கவில்லை. தினமும் ரத்தம் எடுத்தார்கள். உப்பு ஏறிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் இந்தத் தடவை நிதானமாக ஏறியது. "அடிமட்டத்துக்கு எறக்கிட்டோம், அதான் அவகாசம் கெடைச்சிருக்கு. அதுக்குள்ள தொறந்துடணும்" என்றார் டாக்டர். திறக்காவிட்டால் மூன்றாவது குழாய். அதற்கு உடம்பு தாங்குமா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஒருநாள், இரண்டு நாள், நாலு நாள் ஆயிற்று. மூத்திரம் என்று வந்ததெல்லாம் ஏதோ சொட்டு. நான் வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

ஆறாம் நாள் காலை. திரைக்குப் பின்னாலிருந்து அவர் என்னைக் கூப்பிட்டார். "ஏண்டி, சித்த இங்க வா." குரல் நடுங்கியது. ஏதோ ஆகிவிட்டது என்று பதறிக்கொண்டு திரையை விலக்கினேன். கோடு போட்ட கண்ணாடி ஜாடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். என்னிடம் நீட்டினார்.

வாங்கினேன். கண்ணாடி வெதுவெதுவென்றிருந்தது. கால்வாசிக்கு மேல் இருந்தது. வெளிச்சத்தில் பார்க்க வேண்டும் என்று ஜாடியோடு வராந்தாவுக்கு ஓடினேன். வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். பொன்னிறமாக, தெளிவாக இருந்தது. எந்தச் சன்னதித் தீர்த்தத்தையும் நான் அவ்வளவு பயபக்தியோடு கையில் வாங்கியதில்லை. சொன்னால் அபசாரம், ஆனாலும் அதுதான் நிஜம். வராந்தாவில் போவோர் வருவோர் பார்க்க, தேம்பித் தேம்பி அழுதுகொண்டே நின்றேன்.

சிஸ்டர் பின்னாலேயே வந்து கையை நீட்டினார். "குடுங்கம்மா, அளந்து எழுதணும்."

"ஒரு நிமிஷம் இருங்கோ சிஸ்டர்" என்றேன். எனக்கு அதைக் கொடுக்க மனசு வரவில்லை.